சவரிமுத்து ஜீப்பின் புகைக் குறிப்பு

ஜூன் 3, திங்கள்

காலை ஆறரைக்கு ஜீப்பை எடுத்தேன். மூன்று தடவை சாவி திருகிய பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் வெள்ளைப் புகை. கோயில் வாசல் வரைக்கும் போய் நின்றது.

சுகாதார நர்ஸ் தேன்மொழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறாமல் நின்றார். "அண்ணே, பின்னாடி உக்கார்ற பிள்ளைங்களுக்கெல்லாம் இருமல். எங்கிட்டதான் மருந்துக்கு வருதுங்க. ஒண்ணு புகைய நிறுத்துங்க, இல்ல நான் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்றார். எங்கள் மலை ஊர் அரளிக்காட்டுக்கு ஆள் ஏற்ற வேற வண்டி ஏது? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏறிக்கொண்டார்.

மத்தியானம் திரும்பும்போது இந்த டைரியைக் கொடுத்தார். மருந்துக் கம்பெனி டைரி. "காய்ச்சக்காரங்களுக்கு நாங்க எழுதி வைப்போம்ல, அது மாதிரி எழுதுங்க. எப்ப வருது, என்ன கலரு, எஞ்சின் ஆறிக் கெடக்கும்போதா, சூடேறின பெறகா. எழுதுனாலே பாதி தெரிஞ்சிரும்."

சரி, எழுதுகிறேன். அடுத்த மாதம் பதினாறாம் தேதி வண்டியின் தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. புகை சோதனையில் தவறினால் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது.

காலை: வெள்ளை. கண் எரிகிறது. பச்சை டீசல் வாடை. பத்து நிமிஷத்தில் குறைகிறது.
மேட்டில்: கறுப்பு.
இறக்கத்தில்: ஒன்றும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று மாதிரியேதான். காலை வெள்ளை, மேட்டில் கறுப்பு.

ரசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எப்படி வைத்தாலும் மூன்று ஆளுக்கு வந்துவிடுகிறது.

ஜூன் 6, வியாழன்

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அடியில் தூசி களியாகக் கிடந்தது. கழுவி, புது எண்ணெய் விட்டு மாட்டினேன்.

மேட்டில் கறுப்பு பாதியாகக் குறைந்தது. காலை வெள்ளை அப்படியே.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜெசிந்தா போன். என் மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பண்ணுவாள். நான் ஒன்பதரைக்கே போனைச் சன்னலோரம் வைத்துவிடுவேன். அங்கேதான் டவர் கிடைக்கும்.

"சாப்பிட்டீங்களா" என்றாள். "ஆச்சு" என்றேன். புகை விஷயம் சொன்னேன்.

"அந்த வண்டிய எதுக்குப்பா இன்னும் வெச்சிக்கிட்டு? அந்த மெக்கானிக் மட்டும் ஒழுங்கா வேல பாத்திருந்தா அம்மா இன்னிக்கு இருந்திருப்பாங்க."

"ஆமா" என்றேன்.

பிறகு மாப்பிள்ளையின் வேலை பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கும்போது "சரிப்பா" என்பாள். அந்தச் சரிப்பாவுக்கு அப்புறம் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரியும்.

ஜூன் 12, புதன்

வெள்ளைப் புகை என்றால் இரண்டு காரணம். எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கலாம், அல்லது டீசல் எரியாமல் வெளியே வரலாம். ஒரு வாரமாக ரேடியேட்டர் மட்டத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. ஆகவே தண்ணீர் இல்லை. எஞ்சின் ஆயிலும் குறையவில்லை, புகையில் நீலமும் இல்லை. ஆகவே ஆயிலும் எரியவில்லை.

புகைபோக்கிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினேன். ஈரம் பட்டது. மோந்தால் டீசல்.

டேங்கில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டீசல் ஃபில்டரைக் காலி செய்து புதிதாக மாற்றினேன். மாற்றமில்லை.

பெய்யாத மழை. எங்கும் பனி மூட்டம்.

ஜூன் 15, சனி

எஞ்சினை ஓடவிட்டு, நான்கு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ஒன்றைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் தடுமாற வேண்டும். ஒன்று தடுமாறியது, இரண்டு தடுமாறியது, நான்கு தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினால் எஞ்சினுக்கு ஒரு கவலையும் இல்லை. அது ஏற்கெனவே சும்மாதான் இருந்திருக்கிறது.

அந்தச் சிலிண்டரின் நாசிலைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். டீசலைப் பூவாகத் தூவ வேண்டியது, சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. புகை இதனால்தான். கண்டுபிடித்துவிட்டேன்.

சொல்வதற்கு ஆள் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: கண்டுபிடித்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஜெசிந்தாவிடம் நாசில் விஷயம் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

ஜூன் 19, புதன்

நேற்று திண்டுக்கல்லிலிருந்து புது நாசில் வந்தது. மாட்டினேன். எஞ்சின் துடிப்பு சீரானது. மேட்டில் கறுப்பு அறவே போயிற்று. இன்று காலையில் எடுத்தேன். வெள்ளை. அதே கண் எரிச்சல்.

நர்ஸம்மா டைரியை வாங்கிப் புரட்டினார். "காத்து பாத்திருக்கீங்க, தண்ணி பாத்திருக்கீங்க, ஆயில் பாத்திருக்கீங்க, நாசில் பாத்திருக்கீங்க. டீசல அனுப்புறது எதுண்ணே?"

"பம்பு."

"அத மட்டும் பாக்கலயே?"

"பாக்கணும்" என்றேன். டைரியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இனி யாரிடமும் படிக்கக் கொடுக்கப் போவதில்லை.

ஜூன் 24, திங்கள்

பம்பு பார்க்கிறவர் திண்டுக்கல்லில் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோனேன். ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். "பம்பு தேஞ்சு போச்சுங்க. டீசல் வேண்டிய நேரத்துக்குப் போகல, பிந்திப் போவுது. அதான் காலையில எரியாம வெள்ளையா வருது. இது ரொம்பப் பழைய ரகம். உள் சாமான் எங்கிட்ட இல்ல. வத்தலக்குண்டுல தாவூது பாய்னு ஒருத்தர். அவருகிட்ட மட்டும்தான் இருக்கும்."

"வேற யாரும் இல்லையா?"

"இந்தப் பம்புக்கா? இல்ல."

ஜூன் 25, செவ்வாய்

காலை: வெள்ளை.

ஜூன் 26, புதன்

தாவூது யார் என்று எழுதிவிடுகிறேன். முன்பு அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்தான். மலை வண்டிகள் எல்லாம் அவனிடம்தான். இருபது வருஷம் ஒன்றாக டீ குடித்தோம். என் மனைவி பிலோமினா இறப்பதற்குப் பதினாறு நாள் முன்னால் இந்த ஜீப்பின் பம்பை அவன்தான் புதுசாக்கிக் கொடுத்தான். அந்தப் பம்புதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறுகி நின்றது. அடக்கத்துக்கு மாலையோடு வந்தான். "என் பொண்டாட்டியக் கொன்னுட்டு மாலை எடுத்துட்டு வர்றியா" என்று வாசலில் வைத்துக் கேட்டேன். அப்புறம் மலை வண்டி ஒன்றுகூட அவன் பட்டறைக்குப் போகவில்லை. மூன்று மாதத்தில் மூடிவிட்டுப் போய்விட்டான்.

பதினோரு வருஷம் ஆகிறது.

ஜூன் 27, வியாழன்

போனேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடை. ஆள் இளைத்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். ஜீப்பைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

முன்பெல்லாம் அவர் என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். இந்த "ங்க" என்னை வாசலிலேயே நிறுத்தியது.

அறிகுறி எல்லாம் சொன்னேன். சாமான் இருக்கிறது, வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்றார். கடைசியில், "ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லுங்க. இதுல என்னென்ன ஊத்தி ஓட்டிருக்கீங்க? அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் பாக்கணும்."

"டீசல்தான்" என்றேன்.

தலையாட்டினார்.

அடிவாரம் வரை பஸ். அங்கிருந்து பால் வண்டியில் மேலே வந்தேன். டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது. நான் பின்னால் கேன்களோடு நின்றுகொண்டேன். பதினோராவது வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். பால் வாடை மட்டும் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

ஜெசிந்தா போன். வண்டி எங்கே என்றாள். பட்டறையில் என்றேன். எந்தப் பட்டறை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

தாவூது போன். "பம்பத் தொறந்துட்டேன். நேர்ல வாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வண்டி இல்லாததால் நர்ஸம்மா பால் வண்டியில் போகிறார். பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

டீசல்தான் என்று சொன்னது பொய்.

பிலோமினா இறந்த வருஷம் டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். முதலில் கொஞ்சம். பிறகு பாதிக்குப் பாதி. அடுப்புக்கு எண்ணெய் இல்லை என்று பிலோ சத்தம் போடுவாள். விறகு கொண்டுவந்து போடுவேன். பம்பைப் புதுசாக்கிக் கொடுக்கும்போது தாவூது கேட்டார், "மண்ணெண்ணெ கலக்குறியா சவரி? இந்தப் பம்புக்குத் தனியா ஆயில் கெடையாது, ஓடுற டீசல்தான் அதுக்கு வழவழப்பு. மண்ணெண்ணெ விட்டா வறண்டு இறுகிரும்." "சேச்சே" என்றேன். அன்று சாயங்காலமே ஊற்றினேன்.

பதினாறாம் நாள் மத்தியானம் பிலோவுக்கு நெஞ்சு வலி. வண்டியில் ஏற்றினேன். பதினோராவது வளைவில் எஞ்சின் நின்றது. நாற்பது நிமிஷம் கழித்துப் பால் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார்.

அடக்கத்துக்குக் கூடியவர்களில் யாரோ வண்டி ஏன் நின்றது என்று கேட்டார்கள். "பம்பு நின்னு போச்சு. பதினாறு நாள் முன்னாடி தாவூது பாத்த பம்பு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஜெசிந்தாவுக்கு அப்போது பதினேழு வயது. ஹாஸ்டலிலிருந்து வந்து என் தோளில் சாய்ந்து கிடந்தாள். அவள் காதில்தான் முதலில் விழுந்தது.

இறுகின பம்பை நானே கழற்றிக் கழுவி ஒப்பேற்றி ஓட்டினேன். அதற்குப் பிறகு நான் மண்ணெண்ணெயைத் தொட்டதில்லை. ஒரு சொட்டு இல்லை.

ஜூலை 4, வியாழன்

பம்பின் உள் பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சுழலும் பாகத்தில் நீளக் கீறல்கள். புதுத் தேய்மானம் பளபளவென்று இருந்தது. அதற்கு அடியில் பழைய கீறல், கறுத்துப்போய். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"மண்ணெண்ணெ, பாய். பாதிக்குப் பாதி ஊத்துனேன். நீங்க கேட்டப்ப இல்லேன்னேன்."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தெரியும்."

"இப்ப தொறந்து பாத்துத் தெரிஞ்சுச்சா?"

"அன்னிக்கே தெரியும். மாலையோட வந்தப்ப, கட்டி இழுத்துட்டு வந்த வண்டி வாசல்ல நின்னுச்சு. டேங்க் மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்றதுக்குத்தான் வந்தேன். பாத்தா, உங்க மக உங்க மேல சாஞ்சு கெடக்குது. அந்தப் பிள்ளைக்கு அன்னிக்கு மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தருதான். நாலு நாள் போகட்டும்னு திரும்பிட்டேன். நாலு நாள்ல நீங்க மலை பூராம் சொல்லி முடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னா எவன் நம்புவான்?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"கடைய மூடுறப்போ என் சம்சாரம் கேட்டா. ‘உண்மையச் சொல்லுங்க, நீங்க எதாவது தப்பா மாட்டிட்டீங்களா’ன்னு. என் சம்சாரமே கேட்டா."

"மன்னிச்சிருங்க, பாய்."

"அது எனக்கு வேணாம். மேல போய்ச் சொல்லுங்க. உங்க மகளுக்குச் சொல்லுங்க." மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பம்பை மாட்டி முடித்தார். ஆறிக் கிடந்த எஞ்சின். சாவி திருகினேன். முதல் திருகலில் பிடித்தது. அவர் பின்னால் போய்க் குனிந்து நின்றார். நானும் இறங்கிப் போனேன். கொஞ்சம் சாம்பலாக வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நாங்கள் இருவரும் அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூலை 7, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் வந்தது. "சாப்பிட்டீங்களா" என்றாள்.

"ஜெசிந்தா, நான் ஒண்ணு சொல்லணும். கேட்டு முடிக்கிற வரைக்கும் வைக்காத."

சொன்னேன். எழுதியிருக்கிற மாதிரியே, விலை ஏறினதிலிருந்து. நடுவில் ஒரு தடவை "ம்" என்றாள். தாவூது டேங்கை மோந்து பார்த்ததைச் சொன்னபோது "ம்" கூட இல்லை. டவர் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் அவர் கடை வாசல்ல போய்க் காறித் துப்பினேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியாது.

"ஸ்கூல் யூனிஃபார்மோட போனேன். அவர் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல."

வைத்துவிட்டாள். சரிப்பா இல்லை.

ஜூலை 10, புதன்

புகை இல்லை. நர்ஸம்மா, "என்னண்ணே பண்ணீங்க?" என்று கேட்டார். பம்பு என்றேன். "அப்பவே சொன்னேன்ல?" என்று சிரித்தார். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பதரைக்குச் சன்னலோரம் வைத்தேன். பதினொன்றரைக்கு எடுத்தேன்.

அதற்கு முன்னால், காலையில் பூசை முடிந்து எல்லோரும் டீக்கடையில் இருந்தபோது சொல்லிவிட்டேன். தாவூது மேல் தப்பில்லை, நான் மண்ணெண்ணெய் ஊற்றினேன் என்று. டீக்கடை அந்தோணி டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தான். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

நர்ஸம்மா முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

எஃப்.சி. ஆயிற்று. புகை சோதனை செய்தவர், "இத்தனை வயசு வண்டியா இது?" என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காட்டுவதற்கு ஆளில்லை. வரும் வழியில் ரசத்துக்குத் தக்காளி வாங்கினேன்.

ஜூலை 21, ஞாயிறு

மத்தியானம் தாவூது போன்.

"சவரி, உன் மக இங்க வந்திருக்கு."

உன் என்றார்.

"என்கிட்டயும் என் சம்சாரத்துக்கிட்டயும் பேசுச்சு. ரொம்ப நேரம் அழுதுச்சு. சாப்பிட வெச்சோம். இப்ப மலைக்கு வரணுங்குது. பஸ் ஏத்தி விடுறேன், அடிவாரத்துக்கு வண்டிய எடுத்துட்டு வா."

பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு கைப்பை மட்டும். இளைத்திருந்தாள். முன் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பார்க்காத மாதிரி பின்னால் போய் ஏறிக்கொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வளைவு ஏறினோம்.

"நிறுத்துங்க."

எந்த இடம் என்று அவளுக்கு நான் காட்டியதே இல்லை. வளைவுக் கல்லில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்திருக்கிறாள். நிறுத்தினேன். இறங்கிப் போய்த் தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்தாள். கீழே பனி. எஞ்சினை ஓடவிட்டபடியே நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நாப்பது நிமிஷம்."

"இத்தன வருஷம் நான் அந்த மெக்கானிக்கப் பத்தியேதான் நெனச்சேன். அம்மா அந்த நாப்பது நிமிஷம் என்ன பண்ணாங்கன்னு உங்ககிட்ட கேக்கவே இல்ல. அம்மாவுக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

இதை நான் இதுவரை எங்கேயும் எழுதவில்லை. தாவூதிடம் சொல்லவில்லை. சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. மண்ணெண்ணெயைச் சொல்ல முடிந்த வாய்க்கு இது வரவில்லை.

"என்னக் கூப்பிட்டா. ‘அத விடுங்க, இங்க வந்து எம்பக்கத்துல உக்காருங்க’ன்னா. மூணு நாலு தடவ கூப்பிட்டா. நான் பானட்டத் தொறந்து வெச்சுக்கிட்டு பம்பத் தட்டிக்கிட்டே இருந்தேன். இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்னேன். பால் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அப்போ கூப்பிடுறத நிறுத்தி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு."

ஜெசிந்தா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சீராக, ஒரு குறையும் இல்லாமல். போய் அதை அணைத்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தள்ளி உட்காரவில்லை அவள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

மழை. ஜெசிந்தா இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்று ஜீப் எடுக்கவில்லை, பால் வண்டியில் போய்க்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.